எனக்குப் பதில் ஒரு டாக்டர்

என் வீட்டு எஜமானிக்கு,

மானம் போயிற்று. கிராமத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்க மருத்துவக் கல்லூரிக்குப் போனவன், காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டியபடியே மேடையில் பேசியிருக்கிறேன். மைக் வேலை செய்யவில்லை என்று பிள்ளைகள் கையாட்ட, பாசம் என்று நினைத்து நானும் ஆட்டினேன்.

ஆனாலும் படிப்பை முடித்த ஒருத்தி என் பின்னாலேயே வந்தாள்.

"சார், அங்க தனியா பிரசவம் பாக்கணுமா? பயமா இருக்கு."

"எனக்கும் இன்னும் பயம்தாம்மா. ஆனா குழந்தை அழுததும் ஒரு பசி எடுக்கும் பாரு, அது வேற எங்கயும் எடுக்காது!"

சிரித்துவிட்டு, வருகிறேன் என்றாள். எனக்குப் பதில் ஒரு டாக்டர் கிடைத்தால் மறுநாளே உன்னிடம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? கிடைத்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம். நானும் கூட இருந்தால்தான் வருவாளாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அசட்டு டாக்டர்