பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு கிணறு

சந்தாபுரா,
12-2-1958

அன்பு மகள் ஜூடித்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, நாக்பூரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுதான் ஒரு நிலையில் இல்லை. இதை எழுத உட்கார்ந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன், அங்கிருந்து வாசலுக்குப் போனேன், மறுபடி வந்து பேனாவை எடுத்தால் எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. அடுகோடியிலிருந்து உன் தம்பி டென்சில் ஞாயிற்றுக்கிழமை வந்தான், ஒர்க்‌ஷாப்பில் வேலை நெருக்கமாம், இளைத்துப் போயிருக்கிறான். நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா போட்ட பள்ளித் தோட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாயே, அதைத்தான் சொல்லப் போகிறேன், படித்துவிட்டு அழாதே. ஆதாரக் கல்வி டிரெயினிங் போய்விட்டு வந்ததிலிருந்து உன் அப்பாவுக்கு ஒரே பேச்சு, பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும், ஊரும் பள்ளிக்கூடமும் ஒன்றாக வேண்டும் என்று. பாத்தியை அளந்து கணக்கு, கத்தரிக்காயை நிறுத்துக் கணக்கு. ஊராரும் சந்தோஷமாக வந்தார்கள், ஒருவர் வேலிக்கு முள் வெட்டிப் போட்டார், ஒருவர் வண்டியில் எரு கொண்டுவந்தார். தண்ணீர்தான் இல்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டி இருப்பது பள்ளிக் கமிட்டித் தலைவர் கோவிந்தப்பாவின் கிணறு. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மனிதர், ஆனால் காலனி ஆட்கள் அந்தக் கயிற்றைத் தொடக் கூடாது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, மேல்தெருப் பிள்ளைகள் தண்ணீர் இறைக்கட்டும், காலனிப் பிள்ளைகள் மண் வெட்டட்டும் என்று வேலையைப் பிரித்துவிட்டார். சண்டை இல்லாமல் எல்லாரையும் ஒரே தோட்டத்தில் நிற்க வைத்துவிட்டேன் பார் என்று என்னிடம் பெருமை வேறு. நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன், எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

போன வாரம் முதன்முதலாகக் காய் பறிக்கிற நாள், பெற்றவர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தோம். செங்கல் சூளையில் வேலை செய்கிற பச்சைமுத்துவும் வந்திருந்தார், அவர் மகள் பாமா நாலாம் வகுப்பு, வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவாள். அவர் வந்து நின்ற நேரம் இவள் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் மேல்தெருப் பெண் பித்தளைக் குடத்தோடு நிற்கிறாள். மனிதர் சத்தம் போடவில்லை. மகள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார், "நம்ம ஆளு வாத்தியாரா வந்திருக்காருன்னுதான் சார் அனுப்புனோம். நீங்களே எங்க புள்ளைங்க கையில மம்முட்டிய குடுத்துட்டீங்களே." அவ்வளவுதான், பாமாவைக் கூட்டிக்கொண்டு போனார், பின்னாலேயே காலனிப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். சூளையில் கல் தூக்க ஆள் வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள் ஜூடித், ஒரு மாதம் அங்கே போய்விட்டால் அந்தப் பிள்ளைகள் திரும்பி வகுப்புக்கு வரவே மாட்டார்கள். உன் தாத்தா மர்பி டவுனில் துரைமார் பங்களாத் தோட்டத்தில் மண் வெட்டினவர், தன் மகன் கையில் அது படக் கூடாது என்றுதான் உன் அப்பாவைப் படிக்க வைத்தார். அதை இவர் எப்படி மறந்தார், நான்தான் எப்படி மறந்தேன்?

அப்பா மறுநாளே கோவிந்தப்பாவிடம் போனார். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து இறைக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் காப்பி கொடுத்து உட்கார வைத்துச் சொன்னாராம், "தோட்டம் உங்களுது மேஷ்ட்ரே, கிணறு என்னுது." விடிந்ததும் பார்த்தால் அப்பா பள்ளிக்கூட மூலையில் கோடு கிழித்துத் தனி ஆளாகக் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறார்! மாரில் சளி கட்டுகிற மனிதர், மண் வெட்டிப் பழக்கமா இந்த வயதில், கையெல்லாம் கொப்புளம். நான் கத்தினேன், டென்சில் கத்தினான், பென்ஷன் வாங்கப் போகிற நேரத்தில் இது என்ன வம்பு என்று. மேல்தெரு வேலியோரம் நின்று சிரிக்கிறது. பச்சைமுத்து ஒரு நாள் சாயங்காலம் வந்தார். குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து பீடி பிடித்தார். இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இன்று காலை பாமா வந்தாள். காலனியிலிருந்து அவள் ஒருத்திதான். அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போன நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பலகையை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் தாவணிக்குள்... இல்லை, அவளுக்கு ஏது தாவணி, பாவாடை மடிப்புக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் கண்ணு என்று கேட்டேன். "கையில எதுனா குடுத்தா எழுந்து வந்துடுன்னு அப்பா சொல்லிச்சு," என்றாள். வாத்தியார் எழுதச் சொன்னபோதுதான் ஒரு கையை வெளியே எடுத்தாள், அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே. அப்போதிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

அப்பாவின் மாருக்குத் தேய்க்கிற தைலம் தீர்ந்துபோயிற்று, மறக்காமல் பார்சலில் அனுப்பு. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு டியூட்டிக்கு ஓடாதே. ராத்திரி ஜெபத்தில் எங்களோடு அந்தக் காலனிப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள். கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதித்து, உன்னைக் கண்மணிபோலக் காக்கட்டும். நாளைக் காலையிலிருந்து குழியில் மண் கூடை தூக்கப் போவது நான்தான். ஹெட்மாஸ்டர் பெண்டாட்டி என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், பாமா வகுப்பில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக என்னைப் பார்க்க வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார்.

உன் அன்புள்ள அம்மா,
யூனிஸ் சின்னப்பா