தடை இல்லாத மண்டபம்

30 அக்டோபர் 2011, ஞாயிறு. மெரோன்.
கால் வீங்கிவிட்டது. காலை ஆறரைக்கு ஹைஃபாவிலிருந்து கிளம்பினோம். எங்கள் யூத ஜெப ஆலயத்தார் முப்பத்தொரு பேர். ஞானியின் கல்லறைக்குள் எல்லோரும் போனார்கள். நான் பேருந்திலேயே இருந்தேன். ஆசாரியர் வம்சம், கோஹென். இறந்தவர்கள் இருக்கும் கூரையின் கீழ் நுழையக் கூடாது. ஓட்டுநர் முனீர் சூரியகாந்தி விதை நீட்டினார்.
“உள்ள போகாமலே புண்ணியம் சேர்க்கிறது நீங்களும் நானும்தான், வாத்தியாரே.”
ரேய்னா திரும்பி வந்து, உள்ளே ஒரே தள்ளுமுள்ளு, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றாள். மனைவி சொன்னால் அதில் குத்தல் இருக்கும்.

31 அக்டோபர், திங்கள். எருசலேம்.
மேற்குச் சுவர். இடுக்கில் செருக ஒரு வேண்டுதல் சீட்டு எழுதினேன். மூன்று முறை கிழித்தேன். கடைசியில் ரேய்னாவின் முழங்காலுக்காக மட்டும் வேண்டிக்கொண்டேன்.
நாளை, நாஜிகள் கொன்றவர்களின் நினைவகம். அங்கே முகாம்களில் எரிக்கப்பட்டவர்களின் சாம்பலைப் புதைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடமாக நான் போகாதது அதனால்தான்.
அதனால்தானா?
“லூனாவுக்கு மிச்சம் நீங்க ஒருத்தர்தான்,” என்றாள் ரேய்னா. நாளைய மாத்திரைகளைப் பிரித்து வைத்தேன்.
கிரீஸின் சலோனிக்கா, 1943. என்னை ஒளித்துவைத்த அடுத்த வீட்டுக்காரி அம்மாவிடம் சொன்னது இன்னும் கேட்கிறது: “அழாத பிள்ளையை மட்டும் குடு.” தங்கை லூனாவுக்கு மூன்று வயது. அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஐந்து. நீ ஏன்டா அழல?

1 நவம்பர், செவ்வாய்.
வாசலுக்கு வெளியே பைன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஐம்பது வருடமாகக் கேட்காததை ரேய்னா வாயிற்காப்புப் பெண்ணிடம் கேட்டாள். அவள் என் பக்கம் திரும்பினாள்.
“சாம்பல் அந்தப் பெரிய மண்டபத்துல மட்டும்தான், ஐயா. குழந்தைங்க மண்டபத்துல எதுவும் புதைக்கல. கோஹென்கள் தினமும் வர்றாங்க.”
தினமும்.
ரேய்னா கையை நீட்டினாள்.
உள்ளே இருட்டு. கைப்பிடிக் கம்பி ஜில்லென்றிருந்தது. கண்ணாடிகளில் எண்ணற்ற சுடர்கள். ஒரு குரல், கொல்லப்பட்ட குழந்தைகளின் பெயர், வயது, நாடு என்று சொல்லிக்கொண்டே போனது. லூனாவுக்காகக் காத்து நின்றேன், கால் மரத்துப்போகும் வரை. வரவில்லை. பிறகு பதிவு அறையில் தேடிப் பார்த்தார்கள். அங்கும் அவள் இல்லை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லையாம்.
யார் கொடுப்பார்கள்? கொடுக்க வேண்டியவன் ஒவ்வொரு வாசலிலும் பேருந்தில் உட்கார்ந்திருந்தான்.

2 நவம்பர், புதன்.
லூனாவின் பெயரைப் பதியும் படிவத்தை நிரப்பிக் காலையில் கொடுத்தோம். பிறந்த ஊர்: சலோனிக்கா. இறந்த தேதி: தெரியாது. தொழில் என்று ஒரு கட்டம் — கோடு போட்டேன். எழுதித் தருபவரின் உறவு: அண்ணன். அந்த ஒரு சொல் கோணலாகிவிட்டது. வேறு படிவம் கேட்கவில்லை.

3 நவம்பர், வியாழன். திபேரியா.
ஊர் திரும்பும் வழியில் இன்னொரு கல்லறை. எல்லோரும் இறங்கினார்கள். இன்றைக்காவது நான் உள்ளே போவேன் என்று எதிர்பார்த்ததாக முனீர் சொன்னார். நான் பேருந்திலேயே இருந்தேன். இன்று கோஹென் விதிக்காக மட்டும்.