திரும்பி வந்த கச்சாயப் பெட்டி

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்
வெள்ளிக்கிழமை காலை

என் கண்ணு வான்மதிக்கு அம்மா எழுதுவது. சென்னிமலை ஆண்டவன் காப்பாற்ற, நானும் உன் அப்பாவும் தம்பி செழியன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை இனியனும் பாப்பாவும் கலிபோர்னியாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் பாதியிலேயே நீ மீட்டிங் மீட்டிங் என்று ஓடுகிறாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரை நீ குறுக்கே பேச முடியாது பார். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. தினமும் இங்கே குளத்தைச் சுற்றி நடக்கிறார், எதிரே வருகிறவர்கள் பாவம் ஹாய் என்று மட்டும்தான் சொல்கிறார்கள், இவர் நிறுத்தி வைத்து மகள் சேர்பெர்சன் என்று சொல்லிவிட்டுத்தான் விடுகிறார்.

உன்னை ஓய்வூதிய நிதி வாரியத்துக்குத் தலைவியாக்கினார்கள் என்றதிலிருந்து கோயிலில் எனக்கு மரியாதையே தனி. பஜனைக் குழுவில் நாகலக்ஷ்மிதான் முதலில் கேட்டார், ஏங்க வசந்தாமணி, பொண்ணுக்கு அதுல சம்பளம் எவ்வளவுங்க என்று. சம்பளம் கிடையாதுங்க என்றேன். அடடா, சும்மாவா, அப்புறம் என்னத்துக்குங்க இந்தத் தலைவலி என்றார். உங்கள் ஊரில் தீயணைக்கிறவர், சாக்கடை பார்க்கிறவர், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர் இவர்களெல்லாம் வேலையை விட்டு இறங்கிய பிறகு சாப்பிடுகிற சோறு அந்த நிதியிலிருந்துதான் வருகிறது, அதை நல்ல இடத்தில் போட்டு வளர்க்க வேண்டும், அதில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும், அப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என் மகள் தலைமை என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அப்படின்னா கோயில் உண்டியல் மாதிரின்னு சொல்லுங்க என்றார். எனக்கு அதுவே சரியாகப் பட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்குக்கூடச் சொல்லாமல் அரிசிமாவில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். நல்ல காரியம் நடந்தால் நாலு பேர் வாய் இனிக்க வேண்டாமா, உன் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் ஒன்று கிடைக்கட்டும் என்று முறுக்கும் வைத்துக் கட்டி உங்கள் வாரிய ஆபீஸ் முகவரியை எழுதினேன். தம்பிக்கு அன்று அவசரம். கடைக்குப் போய் அனுப்ப நேரமில்லம்மா என்று சொல்லி பிளானோ ஆபீசுக்கே எடுத்துப்போய் அங்கே தபால் பார்க்கிறவர்களிடம் கொடுத்துவிட்டான். அவர்கள் வழக்கம்போல் கம்பெனி பேர் அச்சடித்த சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். உங்கள் ஓய்வூதிய ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து தர விலைப்புள்ளி போட்டிருந்த கம்பெனிகளில் இவன் கம்பெனியும் ஒன்று என்பதும், அதனால் நீ முன்னமே எழுதிக் கொடுத்து அந்தப் பேச்சிலிருந்து ஒதுங்கியிருந்தாய் என்பதும் எனக்கு எப்படித் தெரியும் சாமி. தெரிந்த அவனுக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை, அம்மா கொடுத்த பலகாரம்தானே என்று இருந்துவிட்டான்.

அடுத்த கூட்டத்தைப் பெரிய டிவியில் போட்டுவிட்டு நானும் அப்பாவும் மருமகள் யாமினியும் உட்கார்ந்திருந்தோம், அவள்தான் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த மயில்கழுத்துப் புடவை உனக்கு எவ்வளவு எடுப்பாக இருந்தது தெரியுமா. மரச்சுத்தியலைத் தட்டி நீ கூட்டத்தைத் தொடங்கினதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் நீ குனிந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாய். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, என் கையால் கட்டின பெட்டி. விலைப்புள்ளி போட்டிருக்கிற கம்பெனி முகவரியிலிருந்து இது வந்திருக்கிறது, அங்கே என் தம்பி வேலை பார்க்கிறான், உள்ளே இருப்பது என் அம்மா செய்த பலகாரமாக இருக்கலாம், ஆனாலும் யாரும் பிரிக்கவில்லை, இன்றே திருப்பி அனுப்புகிறோம், இதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னதாக யாமினி மெதுவாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் பேச்சு வந்ததும் சுத்தியலைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாய். உன் நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு முகம் சுருங்கிப் போனது உண்மை. அப்பாதான் விழுந்து விழுந்து சிரித்தார், ஏம்புள்ள, உம்பட கச்சாயம் அமெரிக்க கவர்மெண்ட் ரெக்கார்டுல ஏறிப்போச்சு, எங்கம்மா சுட்டதெல்லாம் சந்தைக்குக்கூடப் போனதில்ல என்று.

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் அவனைக் கூப்பிட்டு விசாரித்து அந்த ஒப்பந்தம் பார்க்கிற குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தமும் வேறு கம்பெனிக்குப் போயிற்று. வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, ஆனால் வர வேண்டிய உயர்வு தள்ளிப்போனது அவனுக்கு ஆறவில்லை. எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டா குறைஞ்சு போயிருவாளா, ஊரே பார்க்க எம்பேரை ஏலம் போட்டுட்டா என்று கத்தினான். அப்பா நிதானமாகத்தான் சொன்னார், நான் ரிட்டயர் ஆகி வந்து பென்ஷனுக்குக் காத்துக் கிடந்தப்ப, என்ற பணத்து மேல உக்காந்திருந்தவன் ஒருத்தனும் இப்படி எந்திரிச்சு வெளிய போகலடா, மாமனுக்கும் மச்சானுக்கும் பங்கு கேட்டுட்டு இருந்தான், உங்கக்கா மாதிரி ஒருத்தி இருந்திருந்தா எனக்குச் செருப்பு தேஞ்சிருக்காது என்று. அவன் மாடிக்குப் போய்விட்டான். நீ போன் பண்ணினபோதெல்லாம் அவன் எடுக்காமல் விட்டது எனக்குத் தெரியும். இந்த வீட்டில் உன் பேரைச் சொல்லவே யோசிக்கிற மாதிரி ஆகிவிட்டது கண்ணு, அதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டி திரும்பி வந்தது, நான் ஒட்டின டேப் அப்படியே இருந்தது. கச்சாயம் கல்லாகிவிட்டது, அப்பா டீயில் ஊறவைத்துத் தின்றார். வெல்லமும் எண்ணெயும் வாங்கினதை என் கணக்கில் தர்மம் என்று எழுதியிருந்தேன், அதை அடித்துவிட்டு வீட்டுச் செலவு என்று மாற்றினேன். எழுதும்போதுதான் நாகலக்ஷ்மி ஞாபகம் வந்தது. போன வருஷம் அன்னதானத்துக்கு மளிகை எங்கே எடுப்பது என்று பேசும்போது, அதில் அவர் வீட்டுக்காரர் கடையும் இருந்ததால் தானாக எழுந்து போய்ச் செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டார். நாங்கள் முடிவெடுத்துக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். அன்றைக்கு அவரை மனசுக்குள் கும்பிட்டேன். அதையே என் மகள் செய்தால் மட்டும் முகம் சுருங்கலாமா. அதற்கப்புறம் அந்தக் கதையை நானே கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறேன், பெற்றவள் பலகாரத்தையே திருப்பி அனுப்பினவள் என்று. கேட்கிறவர்கள் சிரித்தாலும் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஆபீஸ் விட்டு வந்து காரை கராஜில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் போனில் அந்தக் கூட்டத்தையே போட்டுப் பார்க்கிறான் என்று யாமினி சொன்னாள். ஒருநாள் சாப்பிடும்போது யாரும் கேட்காமல் அவனே ஆரம்பித்தான், அம்மா, அந்தப் பெட்டியை வெச்சுட்டு, பேசி முடிக்கற வரைக்கும் அக்கா அது மேலிருந்து கையை எடுக்கல, நீ பார்த்தியா என்று. நான் பார்க்கவில்லை சாமி, நான் உன் புடவையையும் என் பெட்டியையும்தான் பார்த்தேன். அவன் பார்த்திருக்கிறான். அவளுக்கும் சுலபமா இருக்கலம்மா என்றான்.

போன வாரம் தம்பி வாங்கியிருக்கிற புது வீட்டைச் சுற்றிக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள், எல்லோரும் போனோம். வீடு கட்டினவரின் ஆள் ஒரு வெள்ளைக்காரர், குழாயைத் திறந்தார், ஏசியைப் போட்டார், அடுப்பையும் பற்றவைத்துக் காட்டக் கையை வைத்தார். தம்பி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டான். நோ நோ, மை சிஸ்டர் ஃபர்ஸ்ட் என்றான். அந்த மனுஷன் சிஸ்டர் எங்கே என்று யாமினியையும் என்னையும் திருதிருவென்று பார்க்கிறார். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. யாமினிதான், இவரோட அக்கா, எங்க நங்கையா வந்து பால் காய்ச்சற வரைக்கும் இதைத் தொடாதீங்கன்னு சொல்றாருங்க என்று அவரிடம் இங்கிலீஷில் விளக்கினாள். திரும்பி வரும்போது, நீயே கூப்பிட்டுச் சொல்லேண்டா என்றேன். எனக்குப் பேச்சு வராதும்மா, நீ எழுது, அப்புறம் நான் கூப்பிடறேன் என்றான். அதனால் எழுதுகிறேன்.

கிரகப்பிரவேசத்துக்கு வைகாசி வளர்பிறையில் நாள் பார்த்திருக்கிறது. நிறைகுடம் எடுத்து முதலில் படி ஏற வேண்டியவள் நீ. உனக்குக் கூட்டம் இல்லாத நாளா என்று பார்த்துச் சொல், அந்தச் சுத்தியலை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன், வேண்டுமானால் நாளை மாற்றிக்கொள்கிறோம். அவன் போன் வந்தால் எடுத்துவிடு, உடனே நியாயம் பேசாதே, முதலில் சாப்பிட்டாயா என்று கேள். வேளைக்குச் சாப்பிடு, இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சஷ்டிக்கு உன் பேரில் அர்ச்சனை செய்து விபூதி இதோடு வைத்திருக்கிறேன், அதை வாரியத்தில் காட்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், எதற்கும் பார்த்துக்கொள். நீ வந்து பால் பொங்கின பிறகு அந்த அடுப்பிலேயே கச்சாயம் சுடுகிறேன். கையிலிருந்து கைக்குக் கொடுப்பேன், அனுப்புநர் முகவரி எதுவும் இருக்காது.

முருகன் உன் கையையும் வாக்கையும் இப்போது இருக்கிற மாதிரியே சுத்தமாக வைத்திருக்கட்டும்.

உன்னைப் பெற்றதில் பூரித்துப் போயிருக்கும்
அம்மா
சு. வசந்தாமணி