கணுக்காலுக்கு மேலே ஒரு கட்டை

திட்டப் போகிறாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன், என் அமுதா,

நீ போன பிறகு நான் யாரையும் நம்புவதில்லை. மிங்கலா தாங்ஞுன்ட்டில் நம் சந்துக்காரர்கள் யார் சிரித்தாலும், எதற்குச் சிரிக்கிறான் என்று பார்க்கிறேன். அழுகை வரவில்லை. அது உட்கார வேண்டிய இடத்தில் இந்தச் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லோரையும் விட, சந்து முனையில் சைக்கா மிதிக்கிற கோ மியோவைத்தான் சந்தேகப்படுகிறேன். அவனுடைய சைக்காவில்தான் நீ கடைசியாக ஏறினாய். அவன் முன்னால் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தான். நீ பக்கத்தில், பின்புறம் பார்த்த இருக்கையில், பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ரயில்வே கேட்டில் வண்டி மெதுவானது. எவனோ ஓடி வந்து பையை இழுத்தான். பையின் வார் அறவில்லை. நீ விழுந்தாய், தலை தண்டவாளத்தில் மோதியது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வண்டி ஏன் சரியாக அந்த இடத்தில் மெதுவானது? அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லையே, அது எப்படி?

இன்னும் அதே முனையில்தான் நிற்கிறான். என்னைக் கண்டால் தலையைக் குனிகிறான். துக்கமா, பயமா?

அதனால் ஒரு துப்பாக்கி பார்த்தேன், அமுதா. வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். ஒருவன் போனில் படம் படமாகக் காட்டினான். பேர் வேண்டாம். உனக்கு எதற்கு என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததாலேயே அவனையும் சந்தேகப்பட்டேன்.

இடுப்பில் வைக்க முடியாது. போனைச் செருகினாலே என் லோஞ்ஜி முடிச்சு அவிழ்கிறது என்று நீயே எத்தனை தடவை சிரித்திருக்கிறாய். பட்டறைக்குக் கால்சட்டை போடுகிறேன், அதனால் கணுக்கால் என்று முடிவு செய்தேன். ரிவால்வர் வேண்டாம், உருளை புடைத்துக்கொண்டு தெரியும். தட்டையான, எடை குறைந்த சின்னப் பிஸ்டல் போதும். உறையை நானே செய்தேன். செயற்கைக் கால் செய்கிறவனுக்கு இது ஒரு வேலையா? எலும்பில் உரசாமல் உள்ளே மெத்தென்ற துணி, சரியாமலிருக்கக் கெண்டைக்காலைச் சுற்றி இன்னொரு பட்டை, மேலே ஒரு டிக் பட்டன். நான் வலது கைக்காரன், அதனால் இடது காலின் உள்பக்கம். துப்பாக்கிக்குப் பதிலாக அதே அளவில் ஒரு தேக்கங்கட்டையைச் செதுக்கி, உள்ளே ஈயம் வைத்துக் கட்டிப் பார்த்தேன். குதித்தேன். மாடிப்படியில் ஓடி இறங்கினேன். விழவில்லை. நீ போன பிறகு ஒரு வேலை ஒழுங்காக முடிந்தது அன்றைக்குத்தான்.

சுட நினைத்தேனா என்று கேட்பாய். கோ மியோவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அது என் காலில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அவன் பொய் சொன்னால்? அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கட்டையோடு பட்டறைக்குப் போனேன். மாணிக்கம் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், சர்க்கரையில் கால் போனவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு புதுக்காலில் நடை பழகிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏன்டா, எனக்கு ஒண்ணரைக் காலு, நேரா நடக்கிறேன். ஒனக்கு ரெண்டும் முழுசா இருக்கு, எடது கால இழுக்கிற?"

"சுளுக்கு மாமா."

"சுளுக்குன்னா பயந்து பயந்து ஊணுவ. நீ எதையோ சொமக்கிற."

பட்டறையில் அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள். ஒருவர் எப்படி நடக்கிறார் என்று பார்ப்பதே பிழைப்பாக இருக்கிற இடத்துக்கு நான் காலில் ஒளித்து எடுத்துப் போயிருக்கிறேன். கூட வேலை பார்க்கிற மா கின் தைலப் புட்டியை நீட்டினாள். வாங்கி மோந்து பார்த்தேன், அமுதா. தைலத்தைக்கூட நம்பவில்லை. யார் இவளை அனுப்பியிருப்பார்கள் என்று சுற்று ரயிலில் வீடு வரும் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நுழைந்ததும் நம் குட்டிப் பவி ஓடி வந்தாள். இப்போது அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது, நீ பார்க்காதது. என் பாதத்தின் மேல் உட்கார்ந்து, காலைக் கட்டிக்கொள்வாள். நான் அவளைச் சுமந்தபடி அறை முழுக்க நடக்கவேண்டும். எப்போதும் வலது காலில்தான் ஏறுவாள். அன்றைக்கு ஏனோ இடது காலில் ஏறினாள். அவள் கை என் கால்சட்டைக்குள் போனது. டிக் என்று ஒரு சத்தம். அவள் மழைக்கோட்டில் நீ தைத்துக் கொடுத்த அதே மாதிரிப் பட்டன்தானே, திறக்கத் தெரியாதா அவளுக்கு? குதித்தால் விழாது, ஓடினால் விழாது என்றெல்லாம் பார்த்தேன். அவள் உட்காருகிற உயரத்தில், அவள் கைக்கு நேராக அது இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

கட்டையை உருவித் தலைகீழாகப் பிடித்து, முனையை வாயில் வைத்துக் கடித்தாள்.

நான் அப்படியே நின்றேன். உன் அம்மாதான் வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கினார்.

"என்ன மாப்ள இது?"

"கட்டை அத்தை."

"கட்டைன்னு தெரியுது. யாருக்கு அளவெடுத்த கட்டை?"

அத்தை ஜன்னல் வழியாகச் சந்து முனையைப் பார்த்தார்.

"நானும் தெனம் அவனைத்தான் பாக்குறேன். கேக்கல. கேட்டா அவன் சொல்றத நம்பணும், இல்ல நம்பாம இருக்கணும். ரெண்டும் எனக்கு ஆவாது. நீங்க கேக்கணும்னா கேளுங்க. ஆனா வெறுங்காலோட போய்க் கேளுங்க."

படம் காட்டிய அந்த ஆளுக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். அதற்கும் அவன் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் லோஞ்ஜியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போனேன். கோ மியோ முதலில் என் கால்களைத்தான் பார்த்தான்.

"வலி போயிருச்சா ஸயா?" நேற்று நான் காலை இழுத்ததைப் பார்த்திருக்கிறான், ஸயா என்று கூப்பிடுகிற மரியாதை மட்டும் மாறவில்லை.

"கேட்டுல வண்டி ஏன் மெதுவாச்சு?"

"மேடு ஸயா. எறங்கித் தள்ளணும். எல்லாரும் தள்ளுவோம்" என்றான்.

"ஓடி வந்தவனப் பாக்கலியா?"

"குனிஞ்சு தள்ளிக்கிட்டு இருந்தேன். அக்கா கத்தினப்பதான் நிமிந்தேன்." என் முகத்தைப் பார்த்து, "நீங்க நம்பலல்ல?" என்றான்.

"தெரியல."

"எனக்கும் தெரியுது, நம்பலன்னு. அதான் வேற தெருவுக்குப் போகாம இங்கயே நிக்கிறேன். போனா, ஓடிட்டான்னு சொல்லிருவீங்க."

அமுதா, அவன் சொன்னது உண்மையா? உண்மையாக இருக்கலாம். பழகி வைத்த பேச்சாகவும் இருக்கலாம். நான் நடந்துபோய் கேட்டில் அந்த மேட்டைப் பார்த்தேன். மேடுதான். மூன்று சைக்காக்கள் வந்தன, மூன்று பேரும் இறங்கித்தான் தள்ளினார்கள். அப்படியும் என் மனம் அடங்கவில்லை. உனக்கு மட்டும் தெரியும், நீ சொல்லப் போவதில்லை.

சந்தேகத்தை விட்டுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் பொய். நாளைக்கும் அவனைப் பார்ப்பேன், நாளைக்கும் யோசிப்பேன். ஆனால் பவி எந்தக் காலில் ஏறி உட்கார்ந்தாலும் அங்கே அவளுடைய அப்பாவின் கால் மட்டும்தான் இருக்கும். இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் புருஷன்,
உன் பவியைச் சுமந்து நடக்கிறவன்