பெரட்டில் உன் பேருக்குக் கொடுத்த குரல்

அடியே,

நேற்று சுங்கைப் பட்டாணி கிளினிக்கில் தாதி உன் பேரைக் கூப்பிட்டாள். உன் பேர்தான், அப்பா பேர் மட்டும் வேறு. என் வாய் "வந்தேங்க" என்று முந்திக்கொண்டது. அந்தப் பேருக்குரிய பெண் எழுந்து போக, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் அது நமக்குள் வழக்கம்தானே. விடியுமுன்னே தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும்போது குரல் வராவிட்டால் அன்றைக்கு அரிசி கிடையாது. உன் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போன பிறகு, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நீ பிந்தித்தான் வருவாய். உன் பேருக்கு நான் குரல் கொடுப்பேன். எனக்குக் காய்ச்சல் என்றால் நீ. அந்த மங்கலில் யார் குரல் யாருடையது என்று அவனுக்கு என்ன தெரியும்?

நம் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் நாம் மரவள்ளி போட்டிருந்த நிலத்தை, ஜப்பான்காரன் பக்கத்தில் போட்ட விமானத் திடலோடு சேர்க்கப் போகிறார்கள் என்றதும் முதலில் குதித்தவள் நீதான். "அந்தக் கெழங்கு இல்லாட்டி எம்புள்ள வவுத்துக்கு மண்ணையா போடுவேன்?" என்று குழாயடியில் கத்தினாய். சனங்களின் சம்மதம் கேட்டுத்தான் எடுப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை கை தூக்கச் சொல்வார்களாம். ஒருத்தரும் தூக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாய்.

ஞாயிறு வரைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெரட்டில் எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்துக் கிராணி புத்தகத்தை மூடினான்.

"கொரல் குடுத்தவங்க எல்லாம் நெலத்துக்குச் சம்மதம். எழுதியாச்சு."

"பெரட்டுக்குத்தானேய்யா கொரல் குடுத்தோம்!" என்று சனம் கத்தியது. பக்கத்தில் ஜப்பான் அதிகாரி தடியோடு நின்றான். அப்போதுதான் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய்.

விஷயம் தெரிந்ததும் உன் முகம் மலர்ந்துவிட்டது. "நான் இப்பத்தான் வரேன். எம்பேரும் அதுல இருக்குதுன்னா நீங்க எழுதினதே பொய்தானே?" என்றாய். அதிகாரிக்கு அதைச் சொன்னார்கள். பொய் என்றால் எழுதியதைக் கிழித்துவிடலாம், ஆனால் இவளுக்குக் குரல் கொடுத்தது யார் என்று கேட்டான்.

நீ என்னைப் பார்த்தாய். நான் என் கால் விரலைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் நிலம் நிற்கும். ஆனால் அந்தத் தடி என் முதுகில் விழும். பயம்டி. வேறொன்றும் இல்லை, பயம்.

"நாந்தான்யா கொரல் குடுத்தேன். புள்ளய எடுத்தார வீட்டுக்கு ஓடிட்டேன்," என்றாய்.

நிலம் போயிற்று. பேச்சை மாற்றக் கிராணியிடம் காசு வாங்கித் தின்றவள் என்று லயமே உன்னை ஏசியது. குழாயடியில் யாரும் உன்னோடு பேசவில்லை. பாவி, நானும் பேசவில்லை. பிள்ளையோடு அலோர் ஸ்டாரில் இருந்த உன் அக்காள் வீட்டுக்கு நீ புறப்பட்ட காலையில், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாய் என்று சேதி வந்தது. பிள்ளையை அக்காள் வளர்த்தாளாம்.

இப்போது சொல்லிவிடலாம் என்றால், உன்னை ஏசியவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. யாரிடம் போய்ச் சொல்வேன்? உன் பேரைக் கேட்டால் இன்றைக்கும் என் வாய் தானாகத் திறக்கிறது. அன்றைக்கு "நான்தான்" என்று சொல்ல மட்டும் திறக்கவில்லை.