உன் அம்மா முழங்காலுக்கு நான் சொன்ன சாட்சி

மரக்காணம்
22-1-76

அன்பு மகள் திரௌபதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நம் ஆடு எல்லோரும் சௌக்கியம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க ஆண்டவன் துணை. நான் சௌக்கியம் என்றதில் கொஞ்சம் பொய் உண்டு, உன் அம்மா என்னோடு பேசுவதில்லை.

எல்லாம் அவள் முழங்காலால் வந்தது. மழைக்காலத்தில் வீங்கியதிலிருந்து பாண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். தை பிறந்தால் உப்புப் பாத்தி மிதிக்க வேண்டும், புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக இறங்கிக் களிமண்ணை மிதித்து இறுக்கினால்தான் பாத்தி நமக்கு என்பது உனக்குத் தெரியும். டாக்டர் சரி என்றால் இறங்கு, இல்லாவிட்டால் வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேஸ்திரி தட்சணாமூர்த்தி கறாராகச் சொல்லிவிட்டார். வருஷத்துச் சோறே அதில்தான்.

டாக்டர் முழங்காலை மடக்கி அளவுகோல் வைத்துப் பார்த்தார், முன்னைவிட நன்றாக மடங்குகிறது என்றார். வலி ரூபாய்க்கு எத்தனை அணா குறைந்திருக்கிறது என்று கேட்டார். குறைந்தது என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று உன் அம்மாவுக்குப் பயம், மீன் பேரம் பேசுகிற முகத்தோடு ஒரு அணாகூடக் குறையவில்லை என்று சாதித்தாள். டாக்டர் விடவில்லை.

"அளவு கெடக்கட்டும்மா, முன்ன முடியாதது எதுனா இப்ப முடியுதா, அதச் சொல்லுங்க" என்றார். அதுவும் இல்லை என்றாள். அப்படியானால் இந்த வருஷம் பாத்தி வேண்டாம் என்று பேனாவை எடுத்துவிட்டார். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைப்பு போய்விடும்.

"சார், முன்னல்லாம் இவ செருப்பு சத்தம் கேட்டப்புறமும் ஒரு முழு பீடி குடிச்சி முடிப்பேன், இப்ப ரெண்டு இழுப்புக்குள்ள வந்து நிக்கறா, மண்ணுல பொதைக்கத்தான் நேரம் இருக்குது" என்றேன். உன் கல்யாணத்தோடு விட்டுவிட்டதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பீடி. டாக்டர் சிரித்துவிட்டார், நான் கேட்டது இதைத்தான் என்றார், இறங்கட்டும், வலித்தால் உட்கார வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். உன் அம்மா சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள் பார், என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. பின்னால் ஓடிக்கொண்டே சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், இதை அவளுக்கு எழுதிவிடாதே.

பேத்தியைக் குளிரில் வெளியே விடாதே, மாப்பிள்ளையிடம் மல்லுக்கு நிற்காதே. அம்மா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு எனக்காக நாலு வார்த்தை எழுது, மறக்காதே. நீங்கள் மூவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். பாத்தி கிடைத்துவிட்டது, நேற்று முதல் மிதிக்கிறோம். வழுக்கும் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மிதிக்கிறாள், அதே கையால் சட்டைப் பையையும் தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.

உன் அப்பா
கன்னியப்பன்