வெள்ளைக் கட்டை யார் பிரிப்பது?

என் ஆசை மாமா,

நீ இருக்கிற இடத்தில் மழை உண்டா? இங்கே இந்த வருசமும் புயல் வந்து உப்பளம் முழுக்கத் தண்ணீர். எல்லாரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். போன புயலில் நீயும் நானும் படுத்திருந்தோமே, அதே ஜன்னலோரம்தான் எனக்கு.

அன்றைக்கு உன் காலைத் தகரம் கிழித்தது. முதல் கேம்ப்பில் கட்டுப் போட்டார்கள். மறுநாள் சர்ச்சிலிருந்து வைத்தியம் பார்க்கிற வேன் வந்தது. இறங்கிய நர்ஸ் கேட்டார்:

"கட்டு யாரு போட்டது?"

"நேத்து வந்தவங்கம்மா."

"அப்ப சரி, அவங்க பாத்துப்பாங்க."

அப்புறம் வந்த டிரஸ்ட் டாக்டரும் அதையேதான் சொன்னார். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நீயோ டாக்டர் போட்ட கட்டு நனையக் கூடாது என்று பிளாஸ்டிக் கவர் சுற்றி வைத்திருந்தாய். மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே, சுகர் உள்ள கால், அழுகிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போயும் உன்னைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை மாமா. இத்தனை பேர் வந்தும் நீ எப்படித் தவறிப் போனாய்? அது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.

இந்தத் தடவை வேன்காரர்கள் எல்லாரும் காலையில் ஆபீஸ் ரூமில் கூடுகிறார்கள். டீ கொடுக்கிற சாக்கில் நானும் உள்ளே நின்றேன். அந்தச் சண்டையை நீ கேட்டிருக்க வேண்டும்!

"எக்கியார்குப்பத்துக்கு நாங்க போறோம்."

"எல்லாரும் அங்கியே போனா உப்பளத்துப் பக்கம் யாரு சார் போறது?"

நடுவில் ஒரு நர்ஸம்மா பஞ்சாயத்து பண்ணி ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, இன்னிக்கு கட்டு போடறவங்க நாளைக்கு வேற ஊருக்குப் போயிட்டா, அத யாரு பிரிப்பாங்க?"

"அதுக்குத்தாம்மா இவ்ளோ சண்டையும்," என்று சிரித்தார். கட்டின் மேலேயே, பிரிக்க வேண்டிய கிழமையைப் பேனாவால் எழுதிவிடுகிறார்களாம். அன்றைக்கு எந்த வேன் வந்தாலும் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டுமாம்.

நம்மோடு உப்பு வாரிய தனத்துக்கும் சுகர், அவளுக்கும் காலில் புண். கட்டின் மேல் 'வெள்ளி' என்று எழுதினார்கள்.

"இன்னா நர்ஸம்மா, என் காலு இன்னா பஸ்ஸா, போர்டு மாட்டறீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான் வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

கட்டுப் போட்ட வேன் பிரம்மதேசம் ஊருக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வந்தது வேறு வேன். இறங்கிய பெண் கேட்டாள்: "கட்டு யாரு போட்டது?" அதே கேள்வி, மாமா! அவள் குனிந்து எழுத்தைப் பார்த்தாள். தரையிலேயே உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"மெதுவாடி, அது காலு!" என்று தனம் கத்தினாள்.

ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. அப்போதே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தனத்தின் கால் தப்பித்தது. நேற்று திரும்பி வந்தாள், இப்போது என்னோடு டீத்தண்ணிக்குச் சண்டை போடுகிறாள்.

கட்டின் மேல் கிழமை எழுத யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்? உன்னைப் போல் ஒருவரைப் பறிகொடுத்தவருக்கோ?

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், உனக்குத் தெரியும். ஆனாலும் இனி எந்தக் கேம்ப்பில் வெள்ளைக் கட்டைப் பார்த்தாலும் கிழமையைப் படிப்பேன். எழுதாமல் இருந்தால் பிரிக்கச் சொல்லி அங்கேயே நிற்பேன். இது உன் கால் மேல் சத்தியம்.

உன் பக்கத்திலேயே படுத்திருந்த பெண்டாட்டி,
அஞ்சலை